நீலாயதாட்சி என்கிற நான்

ஜூலை 6, ஞாயிறு

வெட்கம் வேட்டி மாதிரி. வீட்டுக்குள் அவிழ்ந்தால் காற்றோட்டம். வீதியில் அவிழ்ந்தால்தான் விபத்து. எனக்கு இன்று வீதியில் அவிழ்ந்தது. நான் எழுதாத ஒரு படத்துக்கு ஆட்டோகிராஃப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பாப்கார்ன் டப்பாவின் மேல், எண்ணெய் படாத இடமாகப் பார்த்து.

படத்தின் பெயர் ‘இருபதாவது வளைவு’. புருஷனால் மனம் வெறுத்துப்போன ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்கு விடுமுறைக்குப் போகிறாள். அங்கே ஒரு காப்பித் தோட்டத்து மேனேஜர். மழை, ஸ்வெட்டர், காதல், சுபம். இந்த மாதிரிப் படம் வருடத்துக்கு நாலு வருகிறது. ஆனால் இதில் மட்டும் தொடக்கத்தில், ‘கதை, வசனம்: நீலாயதாட்சி’ என்று பெரிய எழுத்தில் விழுந்தது.

நீலாயதாட்சி என் புனைபெயர். சேலம் பத்திரப் பதிவு அலுவலகத்துத் தலைமை எழுத்தர் பூவராகனை நாலு பேருக்குத் தெரியாது. ‘மல்லாரி’ வார இதழில் இருபத்து மூன்று வருடம் ‘எங்கள் வீட்டு எஜமான்’ எழுதிய நீலாயதாட்சியைத் தெரியாதவர்கள் இல்லை. மனைவி ஒருத்தி புருஷனை வாராவாரம் வாரும் பத்தி. அரசாங்க ஊழியன் பத்திரிகையில் எழுதினால் மேலிடத்து அனுமதி அது இது என்று கேட்பார்கள் என்பதால் மனைவி பெயரைப் போட்டுக்கொண்டேன். தமிழில் எழுதுகிற ஆண்களுக்கு மனைவியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வது பழைய வழக்கம். பத்தாவது வருடம் என் புகைப்படத்தைப் போட்டுக் குட்டை உடைத்தார்கள். தன்னைத் தானே இப்படிக் கேலி செய்துகொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது.

நீலாயதாட்சி என் மனைவியின் பெயரும்தான். முன்னாள் மனைவி. மூன்று வருடம் முன்பு போனாள். போன வருடம் கோர்ட்டில் கையெழுத்தும் ஆயிற்று. இந்தப் படத்தை எழுதியது அவள்.

இடைவேளையில் ஒரு குடும்பம் என்னை மடக்கியது. “சார், நீங்கதானே நீலாயதாட்சி? அந்தப் புருஷன் கேரக்டர் இருக்கானே, எங்க சார் புடிச்சீங்க அவனை? சிரிச்சு வயிறே வலிக்குது!” என்று பேனாவை நீட்டினார்கள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை அதற்குள் போட்டுவிட்டது.

ஜூலை 7, திங்கள்

தண்ணீர் வரவில்லை. மோட்டாரில் காற்று பிடித்திருக்கிறது.

அலுவலகத்தில் எல்லாரும் படம் பார்த்துவிட்டார்கள். பியூன் கூட, “அந்தாளு நகம் வெட்டற சீன் செம சார்” என்றான். படத்தில் புருஷன் ஹாலில் தினத்தாளை விரித்து நகம் வெட்டுகிறான்; பிறகு பத்தும் இருக்கிறதா என்று எண்ணுகிறான். இது அபாண்டம். நான் தினமா எண்ணினேன்? ஒன்பது இருக்கிற மாதிரி சந்தேகம் வந்தால்தான் எண்ணுவேன்.

நான் மறுத்திருக்கலாம். ஆனால் மறுத்தால், ‘அப்படியானால் அந்தப் புருஷன் யார்?’ என்ற அடுத்த கேள்வி வரும். எழுதியவன் நான் என்றால் அவன் கற்பனை. எழுதியது அவள் என்றால் அவன் நான். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். உலகத்தில் எந்த ஆண் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று கேட்டால் சின்னக் குழந்தையும் சொல்லும்.

ஜூலை 10, வியாழன்

நகைச்சுவை மன்றச் செயலாளர் மாதேஸ்வரன் வந்தார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவர் சிரிப்பே புதிதாகத் தரை பதித்த மாதிரி வழவழவென்று இருக்கும்.

“ஏனுங்க சார், சேலத்துக்காரர் சினிமாவுல இத்தனை பெரிய பேரு வாங்கியிருக்கீங்க, நாங்க சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? இருபதாம் தேதி பாராட்டு விழா. மாலை நாலு மணி. பொன்னாடை, கேடயம், எல்லாம் ஏற்பாடு ஆச்சுங்க. ‘மல்லாரி’யில உங்களைக் கண்டுபிடிச்ச உதவி ஆசிரியர் உலகநாதன் ஐயா இருக்காரில்லீங்களா, அவரே மெட்ராஸ்ல இருந்து வர்றாரு.”

“அதெல்லாம் எதுக்கு மாதேஸ்வரன்...”

“பாத்தீங்களா, இந்த அடக்கம்தானுங்க உங்ககிட்ட!”

அடக்கம் என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் உண்மைக்கு இடமில்லை. பஜ்ஜி கொடுத்து அனுப்பினேன். கடையில் வாங்கியதுதான்.

மாலை மறுபடியும் படத்துக்குப் போனேன். தப்பாக நினைக்கவேண்டாம், விமர்சனக் கண்ணோடு. இந்த முறை தொப்பி.

ஒரு காட்சி எனக்கு ஒத்துவரவே இல்லை. வீட்டுக்கு நாலு நண்பர்கள் வருகிறார்கள். ஹாலில் புருஷன் ஒரு ஜோக் சொல்கிறான். வெடித்துச் சிரிக்கிறார்கள். சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும் மனைவி கரண்டியோடு நிற்கிறாள். காலையில் அவள் அவனிடம் சொன்ன ஜோக் அது. அடுப்பை அணைக்கிறாள், பெட்டியை எடுக்கிறாள், பஸ் ஏறுகிறாள். இதில் லாஜிக் எங்கே இருக்கிறது? ஒரு ஜோக்குக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா?

அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள் என்பது மட்டும் உண்மை. கல்லில் தோசை ஒரு பக்கம் வெந்திருந்தது. திருப்பிப் போட்டு நாங்கள் சாப்பிட்டோம்.

ஜூலை 13, ஞாயிறு

ஏற்காடு போய் வந்தேன். எனக்கும் மனம் உடைந்திருக்கிறது. எனக்கும் வாரக் கடைசி விடுமுறை இருக்கிறது. படத்தில் அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காதா?

பஸ்ஸில் பதினாலாவது வளைவிலேயே வாந்தி வந்துவிட்டது. ‘லேடீஸ் சீட்’ என்கிற மலைமுனையில், படத்தில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சைச் சுற்றி ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள், போட்டோ எடுக்க. தனியாளாக நின்ற என்னிடம் ஒரு பெண், “அங்கிள், எங்களை ஒண்ணு எடுக்கறீங்களா?” என்று போனைக் கொடுத்தாள். ஏழு ஜோடிகளை எடுத்தேன்.

படத்துக் கதாநாயகனிடம் அழகில்லை, பேச்சில்லை, சொந்தமாகத் தோட்டம் கூட இல்லை. அவன் செய்வது ஒன்றே ஒன்றுதான்: அவள் எதைச் சொன்னாலும் சிரித்துவிட்டு, “திருப்பிச் சொல்லுங்க” என்கிறான். இதற்குத் தியேட்டரில் பெண்கள் விடும் பெருமூச்சில் ஏ.சி. தேவைப்படவில்லை. இவ்வளவுதானே, இதை நான் செய்யமாட்டேனா?

பக்கத்து பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாமக்கல் பக்கமாம். கண்ணில் குறும்பு தெரிந்தது, மிளகாயாகவும் இருக்கலாம். பேச்சுக் கொடுத்தேன்.

“இந்த பஜ்ஜிக்கு ஒரு கதை இருக்குதுங்க” என்று ஆரம்பித்தார். சிரித்தேன். “எங்க வூட்டுக்காரரு போன வருசம் இதே எடத்துல பஜ்ஜி வேணுமின்னு அடம் புடிச்சாருங்க.” இன்னும் பலமாகச் சிரித்தேன். “நான் வாங்கிட்டுத் திரும்பறேன், நெஞ்சப் புடிச்சிக்கிட்டு அப்படியே சாஞ்சிட்டாரு.” சிரிப்பு ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் நிற்கவில்லை. ஒத்திகை பார்த்திருந்த வாய் தானாக, “திருப்பிச் சொல்லுங்க” என்றது.

அந்த அம்மாள் கத்தவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உங்க வூட்டுல பொம்பளைங்க யாரும் இல்லீங்களா?”

“இல்லை.”

“அதானே பாத்தேன்.”

மீதி பஜ்ஜியை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இறங்கும்போது பதினாலாவது வளைவில் வாந்தி வரவில்லை. வர ஒன்றும் இருக்கவில்லை.

ஜூலை 16, புதன்

நீலா போன் செய்தாள். மூன்று வருடத்தில் இரண்டாவது தடவை. முதல் தடவை அவளுடைய ஆதார் கார்டைக் கேட்டு.

“ஏங்க...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். “ச்சே, பழக்கம். சார்னு கூப்பிடட்டுமா?”

“உன் இஷ்டம்.”

“எனக்கு ரெண்டாவது படம் வந்திருக்கு. அதே கம்பெனி. கையெழுத்துப் போடப் போற நேரத்துல தயாரிப்பாளர் இழுக்கறார். ‘ஊரெல்லாம் உங்க வீட்டுக்காரர்தான் எழுதினதா சொல்றாங்களேம்மா, அப்ப அவரையே கூப்பிட்டுடலாமே’ங்கறார். நான்தான் எழுதினேன்னு சொன்னா, ‘பொண்டாட்டிங்க எல்லாம் அப்படித்தாம்மா சொல்வாங்க’ன்னு சிரிக்கறார். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஏதோ விழாவாமே? அந்த மேடையில ஒரே ஒரு வாக்கியம் சொல்லிடுங்க. ‘படத்தை எழுதினது நீலா’ன்னு. இருபத்து மூணு வருஷத்துப் பத்தியைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை. அதை நீங்களே வெச்சுக்குங்க. படத்தை மட்டும் குடுத்துடுங்க.”

“பத்தியைப் பத்திக் கேட்க என்ன இருக்கு?” என்றேன்.

அந்தப் பக்கம் சிரித்தாள். வெகு நாளாகிவிட்டது அந்தச் சிரிப்பைக் கேட்டு. “ஒண்ணுமில்லை சார்.”

சரி, சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் அப்படி ஒன்றும் கெட்டவன் இல்லை.

பத்தி விஷயத்தை இங்கே தெளிவாக எழுதி வைப்பது நல்லது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால். அவளுக்கு அபாரமான வேகம். பல சமயம் நான் சொல்வதற்கு முன்பே எழுதி முடித்திருப்பாள். சில சமயம் நான் அலுவலகத்தில் இருக்கும்போதே. அவள் போன பிறகு நானே இரண்டு பத்தி எழுதி அனுப்பினேன். ‘பழைய குறும்பு இல்லை சார்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு நகைச்சுவை எங்கே தெரிகிறது?

ஜூலை 17, வியாழன்

தயாரிப்பாளரின் மேனேஜர் பேசினார். அடுத்த படத்துக்கு நான் வசனம் எழுத முடியுமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். ‘பார்க்கலாம்’ என்பது பொய் இல்லை.

ஜூலை 19, சனி

முடிக்குச் சாயம் போட்டேன். காதிலும் ஒட்டிக்கொண்டது.

ஜூலை 20, ஞாயிறு

விழா முடிந்து வந்துவிட்டேன். முந்நூறு பேர். உட்கார இடமில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

உலகநாதன் ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள மைக் முன் நின்றார். “தொண்ணூத்தொன்பதுல தபால்ல ஒரு கட்டுரை வந்தது. கூடவே ஆசிரியருக்கு ஒரு கடிதாசு. என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘பிரசுரமாகாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம் ஐயா, தபால் என் கணவர் கையில் கிடைத்துவிடும், நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.’ நெஜமாவே ஏதோ ஒரு பொம்பளைன்னு நாங்க ஏமாந்துட்டோம். பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா, எழுதினவரே அந்தக் கணவர்! எப்பேர்ப்பட்ட குசும்பு பாருங்க!”

அரங்கம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். அந்தக் கடிதம் எனக்குச் சரியாக நினைவில்லை. எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன்.

அவர் ஒரு பார்சலை என் கையில் வைத்தார். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருந்து, சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். பளபளக்கும் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி. மேடையில் பிரிக்கவில்லை.

பிறகு என் ஏற்புரை. வாக்கு கொடுத்திருக்கிறேனே. நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“நண்பர்களே, ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். இந்தப் படத்தை எழுதியது நான் இல்லை. இதை எழுதியது என்னுடைய முன்னாள்...” ஒரு மூச்சு நிறுத்தினேன். “...மனைவி.”

கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. மாதேஸ்வரன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் கேடயம் கீழே விழுந்தது. முன் வரிசையில் ஒருவர், “அந்தம்மாதான் பத்தியும் எழுதுச்சாங்க?” என்று குரல் கொடுத்தார். மறுபடியும் சிரிப்பு. கை கூப்பினேன். கை கூப்பினால் ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். முந்நூறு பேர் சாட்சி. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

பொன்னாடை ஏழு.

ஜூலை 21, திங்கள்

காலையில் நீலா பேசினாள். விழாவை யாரோ போனில் எடுத்து ஊரெங்கும் பரப்பியிருக்கிறார்கள்.

“பாத்தேன்” என்றாள்.

“நீ சொன்ன வாக்கியத்தைச் சொல்லிட்டேன்.”

“சொன்னீங்க. ‘முன்னாள்’னுட்டு ஒரு மூச்சு நிறுத்தினீங்க.”

“தொண்டை கட்டிடுச்சு.”

“எனக்கேவா? மதுரையில உங்களுக்கு முதல் பாராட்டுக் கூட்டம். யாருமே சிரிக்கலைன்னு வந்து அழுதீங்க. அன்னிக்கு ராத்திரி கண்ணாடி முன்னாடி நிறுத்தி, கடைசிச் சொல்லுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுங்க, அப்புறம் என்ன சொன்னாலும் சிரிப்பாங்கன்னு சொல்லிக் குடுத்தேனே. இருபது தடவை சொல்ல வெச்சேன். மறக்கலை நீங்க. நல்லா பண்ணீங்க.”

கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

“அப்புறம் வேண்டாம். தயாரிப்பாளரும் அந்த வீடியோவைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாராம். ‘இந்த மனுஷன்தான்மா நமக்கு வேணும்’னு சொல்லிட்டார். நீங்களே போய் எழுதுங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். மூச்சு விடுகிறாளா, ஜோக் வருகிறதா என்று நானும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வைத்துவிட்டாள்.

சிலிண்டரை வாங்கி வைத்தேன். வாஷர் சரியாக இருக்கிறது.

அலுவலகத்தில் ஒரு பத்திரத்தைத் திருப்பி அனுப்பினேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘எழுதியவர்’ என்ற இடத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. முப்பது வருடமாக இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மேனேஜர் மறுபடி பேசினார். வியாழக்கிழமை முதல் கதை டிஸ்கஷன். ஏற்காட்டில் எனக்கு அறை போட்டிருக்கிறார்கள், ஏரியைப் பார்த்த ஜன்னலோடு. ஒரே ஒரு காட்சி மட்டும் கையோடு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ‘உங்க ஸ்டைல்ல, சார். உங்களையே நீங்க வாரிக்குவீங்களே, அந்த மாதிரி.’

இன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதினேன். அடித்தேன். பரணிலிருந்து நீலாவின் பழைய நோட்டுகளை இறக்கலாமா என்று ஏணி போட்டேன். போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பது நாலாவது படியில் நினைவுக்கு வந்தது. இறங்கி, டீ போட்டு, உலகநாதன் ஐயாவின் பார்சலைப் பிரித்தேன். கைவேலையாவது நடக்கட்டும் என்று.

நல்ல தேக்குச் சட்டம். ஹாலில் நாட்காட்டி இருந்த ஆணியில் மாட்டினேன். லேசாக இடப்பக்கம் சாய்கிறது. உள்ளே கோடு போட்ட தாள், நீல மை, நீலாவின் குண்டு குண்டுக் கையெழுத்து. தேதி 14.2.1999. முதல் வரி:

‘என் கணவருக்கு வெட்கம் வேட்டி மாதிரி. வீட்டுக்குள் அவிழ்ந்தால் காற்றோட்டம். வீதியில் அவிழ்ந்தால்தான் விபத்து.’